தொங்கும் கம்பியும் பிளஸ் டூ கணக்கும்

கோவையிலிருந்து பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் உயர்மின் கோபுரங்கள் கூடவே வரும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய அந்த மின்சாரம் கோவை நூற்பாலைகளுக்கும் தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்த நாளிலிருந்தே கொங்கு நாட்டின் தொழிலும் வெள்ளாமையும் கம்பியோடு பிணைந்துவிட்டன. பிறகு மேட்டூர் நீர்மின்சாரம் வந்தது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வந்தன. கடைசியாக, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசை மின்தடம் வந்து சேர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர், திறன் 6,000 மெகாவாட். இந்தத் தடங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பி ஒரே வகை வளைவில்தான் தொங்குகிறது. அந்த வளைவை எழுதுவதற்கான சார்பை மட்டும் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடிக்கும் மாணவர் ஒருநாளும் சந்திப்பதில்லை.

அதிபரவளையச் சார்புகள் என்று பெயர். கல்லூரி வகுப்பில் 'ஹைப்பர்பாலிக்' என்பார்கள். வரையறை இரண்டே வரிதான். ஈ என்ற எண்ணின் எக்ஸ் அடுக்கையும் மைனஸ் எக்ஸ் அடுக்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் காஸ்ஹெச். கூட்டுவதற்குப் பதில் கழித்து, இரண்டால் வகுத்தால் சைன்ஹெச். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் டான்ஹெச். அடுக்குக்குறிச் சார்பைப் படித்த யாருக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை.

அப்படியானால் சைன், காஸ் என்ற பழைய பெயர்களை ஏன் ஒட்டினார்கள்? ஓரலகு வட்டத்தில் ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகள் காஸ், சைன் என்பது பத்தாம் வகுப்பைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். அந்தப் புள்ளிக்குரிய கோணம், வட்டக்கோணப் பகுதியின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. வட்டத்துக்குப் பதிலாக, எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கத்தைக் கழித்தால் 1 வரும் அதிபரவளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து வளைவரையின் ஒரு புள்ளிவரை கோடு இழுத்து, அது வெட்டியெடுக்கும் பகுதியின் பரப்பை இரட்டித்தால் கிடைக்கும் எண்ணை யூ என்போம். அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவுகள் காஸ்ஹெச் யூ, சைன்ஹெச் யூ. வட்டத்தில் வர்க்கங்களின் கூடுதல் 1. இங்கே வர்க்கங்களின் வித்தியாசம் 1. உறவு அவ்வளவு நெருக்கமானது. 1757-இல் இத்தாலியரான வின்சென்சோ ரிக்காட்டி இவற்றை முறையாக அறிமுகப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் லாம்பர்ட் இவற்றை விரிவாக வளர்த்தார். பை ஒரு விகிதமுறா எண் என்று அவர் நிறுவிய அதே ஆய்வுரையில்தான், 1768-இல், இவை அச்சேறின.

ஆனால் வளைவின் கதை சார்புகளின் கதையைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ, தொங்கும் சங்கிலி பரவளையத்தை ஒட்டி அமைகிறது என்று எழுதினார். 1646-இல் ஹைகன்ஸ், அது பரவளையமாக இருக்கவே முடியாது என்று காட்டினார். அப்போது அவருக்கு வயது 17. நம் பிளஸ் டூ மாணவரின் வயதேதான். பரவளையம் இல்லையென்றால் வேறு என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1690-இல் யாக்கோப் பெர்னூலி அதைப் பொதுவில் சவாலாக வைத்தார். மறு ஆண்டே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் தனித்தனியே விடை சொன்னார்கள். லைப்னிட்ஸ் இன்னும் ஒரு படி போனார்: வளைவுக்கு அடியில் இருப்பது அடுக்குக்குறிச் சார்பு என்பதால், ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு அளந்தே மடக்கை மதிப்பு காணலாம் என்று எழுதினார். மடக்கைப் புத்தகத்தைப் புரட்டிப் பழகிய நம் மாணவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு இனிக்கும்! அதை அவர்களிடம் சொல்ல நம் பாடநூலில் இடம் இல்லை.

இனி எண்ணைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர். கம்பியின் கிடைமட்ட இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் எடையால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். அது 1,600 மீட்டர் என்று கொள்வோம். வளைவின் முழு இலக்கணமும் இந்த ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது. நடுவில் கம்பி எவ்வளவு தொய்கிறது? மின்வாரியத்தார் 'சேக்' என்று சொல்வது இதைத்தான். பாதித் தூரமான 200-ஐ 1,600-ஆல் வகுத்தால் 0.125. காஸ்ஹெச் 0.125-லிருந்து 1-ஐக் கழித்து, 1,600-ஆல் பெருக்கினால் தொய்வு.

கணிப்பான் வேண்டாம். ஈ அடுக்கு எக்ஸின் முடிவிலித் தொடர் பதினொன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது. அதில் இரட்டைப்படை உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் காஸ்ஹெச். முதலில் 1, அடுத்து 0.125-இன் வர்க்கத்தில் பாதி, 0.0078125, அதற்கடுத்தது நான்காம் அடுக்கை 24-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 0.0000102. இரண்டாம் உறுப்பை 1,600-ஆல் பெருக்கினால் 12.5 மீட்டர். மூன்றாம் உறுப்பை 1,600-ஆல் பெருக்கினால் 1.6 சென்டிமீட்டர். அந்த 12.5 மீட்டர்தான் பரவளையம் தரும் விடை. கலிலியோ 400 மீட்டரில் 1.6 சென்டிமீட்டர்தான் தவறினார். அந்தத் தவறு தொடரின் மூன்றாம் உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது. தோராயம் என்றால் என்ன, அதை எப்போது நம்பலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. இழுவிசையைக் குறைத்து, அந்த 1,600 மீட்டரை 200 மீட்டராக்கிப் பாருங்கள். பரவளையம் 100 மீட்டர் தொய்வு என்கிறது. உண்மையான வளைவு 108.6 மீட்டர் தொய்கிறது. இங்கே எட்டரை மீட்டர் பிசகு. இறுக்கிக் கட்டிய கம்பிக்குப் பரவளையம் போதும், தளர்ந்து தொங்கும் சங்கிலிக்குப் போதாது என்று மாணவரே சொல்லிவிடுவார்.

நீளத்தையும் பார்க்கலாம். அதே 400 மீட்டர் இடைவெளிக்குக் கம்பியின் உண்மை நீளம் சைன்ஹெச் வழியாக வருகிறது: 401.04 மீட்டர். ஒரு மீட்டர் கூடுதல் நீளம்தான் பன்னிரண்டரை மீட்டர் தொய்வாகத் தெரிகிறது. சித்திரை வெயிலிலும் மின்சுமையிலும் கம்பியின் சூடு 40 டிகிரி ஏறினால், எஃகு நடுவிட்ட அலுமினியக் கம்பி இந்த நீளத்துக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் நீளும். இழுவிசை தளர்வதால் கம்பி சற்றே சுருங்குவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், தொய்வு 12.5-லிருந்து 14.2 மீட்டராகிவிடும். முப்பது சென்டிமீட்டர் நீண்டதற்குக் கம்பி 1.7 மீட்டர் கீழே இறங்குகிறது. கோடையில் கம்பி தாழ்ந்துவிட்டது என்று தோட்டத்துக்காரர் சொன்னால் அது கண்மயக்கம் அல்ல.

இந்தக் கணக்கு கொங்கு நாட்டில் வெறும் கணக்காக இல்லை. 2018-19-இல் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதி விவசாயிகள் தங்கள் தோட்டங்களில் உயர்மின் கோபுரங்கள் நடுவதை எதிர்த்து உண்ணாவிரதம் உட்பட நீண்ட போராட்டம் நடத்தினார்கள். சாலையோரம் நிலத்தடிக் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்பது அவர்கள் கேட்டது. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடத்தில், கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகவே போகிறது. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரம் இந்தக் கோபுரங்களுக்கு இன்னும் துணையாக இருக்கிறது என்பது அவர்களின் மனக்குறைகளில் ஒன்று. போராட்டத்தின் நியாயத்தை முழுதாகப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் அதன் நடுவே ஒரு கணக்கு இருந்தது. கம்பிக்குக் கீழே எவ்வளவு அகலத்துக்கு மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? காற்றடித்தால் கம்பி பக்கவாட்டில் ஊசலாடும். தொய்வு எவ்வளவோ அதற்கேற்ப ஊசல் அகலும். ஊசல், கோபுரக் கையின் நீளம், பாதுகாப்பு இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அந்த அகலம். 400 கிலோவோல்ட் தடத்துக்கு அது 46 மீட்டர். 400 மீட்டர் இடைவெளிக்கு 46 மீட்டர் அகலம் என்றால் நாலரை ஏக்கர். பொள்ளாச்சிப் பக்கம் அது நாலரை ஏக்கர் தென்னை. தொய்வு எங்கிருந்து வருகிறது, இந்த அகலம் எங்கிருந்து வருகிறது என்று எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருப்பதைக் கணக்குப் பாடத்தின் பயன் என்றே நான் சொல்வேன்.

இப்போது பாடநூலைத் திறப்போம். 2018-இல் பதினொன்றுக்கும் 2019-இல் பன்னிரண்டுக்கும் வந்த புதிய கணிதப் புத்தகங்கள் பழையவற்றைவிட ஆழமானவை; அதில் எனக்கு ஐயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 12 அத்தியாயங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் மூன்றும் வருகின்றன. அன்றாடப் பயன்பாட்டுக் கணக்குகளும் உண்டு. தொங்கு பாலத்தின் கம்பி பரவளையம் என்று ஒரு கணக்கு. அணுமின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தின் வெட்டுமுகம் அதிபரவளையம் என்று இன்னொன்று. தொங்கு பாலக் கணக்கு சரியானதே. பாலத்தில் சுமை சாலைத் தளத்தின் நீளத்தில் சமமாகப் பரவுகிறது, ஆகவே பரவளையம். தனியாகத் தொங்கும் கம்பியிலோ, பழனி மலையில் 2004 முதல் ஓடும் ரோப் கார் வடத்தின் எடையிலோ, சுமை வளைவின் நீளத்திலேயே பரவுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால், தொங்குவது எல்லாம் பரவளையம் என்ற எண்ணம் மாணவர் மனதில் நின்றுவிடுகிறது. ஹைகன்ஸ் பதினேழு வயதில் களைந்த எண்ணம் அது.

மற்றப் பொருள்களும் அங்கங்கே கிடக்கின்றன. பதினொன்றில் ஈ அடுக்கு எக்ஸின் தொடர். பன்னிரண்டில் கலப்பெண்களுக்கு ஆய்லர் வடிவம். அதிலிருந்து காஸ் தீட்டாவை ஈ-யின் இரண்டு அடுக்குகளின் சராசரியாக எழுத ஒரே வரி போதும். எக்ஸ் வர்க்கமும் ஏ வர்க்கமும் கூட்டிய வர்க்கமூலத்தின் தலைகீழுக்குத் தொகை காண, மடக்கை வடிவில் ஒரு சூத்திரத்தைப் பதினொன்றிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். அது சைன்ஹெச்சின் நேர்மாறு என்று யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி இருந்தால் நேர்மாறு சைன், கூட்டல் குறி இருந்தால் ஏன் மடக்கை என்று ஒரு கூர்மையான மாணவி கேட்டால், ஆசிரியர் பாடத்திட்டத்துக்கு வெளியே போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் இடம் இன்னொன்று. அதிபரவளையத்தின் துணையலகு வடிவத்தைப் பாடநூல் சீகண்ட், டேன்ஜண்ட் கொண்டு தருகிறது. சீகண்ட் வர்க்கத்திலிருந்து டேன்ஜண்ட் வர்க்கத்தைக் கழித்தால் 1 என்பதால் அது பொருந்தும். காஸ்ஹெச், சைன்ஹெச் இரண்டுக்கும் அதே பொருத்தம்தான். ஒரே புள்ளிக்கு இரண்டு பெயர்கள் என்றால், தீட்டாவுக்கும் யூ-வுக்கும் இடையே ஒரு பாலம் இருந்தாக வேண்டும். சீகண்டையும் டேன்ஜண்டையும் கூட்டி மடக்கை எடுத்தால் யூ கிடைக்கும். இந்த வடிவத்தை எங்கோ பார்த்த நினைவு வரும்: சீகண்டின் தொகையீடு! பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் ஒப்பிக்கும் சூத்திரம். அது பிறந்த கதை கடலில் நடந்தது. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த உலக வரைபடத்தில், வடக்கே போகப்போக அட்சரேகைகளை எவ்வளவு தள்ளிப் போடுவது என்ற கேள்விக்கு, எட்வர்ட் ரைட் 1599-இல் சீகண்ட் மதிப்புகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓர் அட்டவணை செய்தார். அந்த அட்டவணை மடக்கை டேன்ஜண்ட் அட்டவணையோடு ஒத்துப்போவதை 1640-களில் ஹென்றி பாண்ட் கவனித்தார்; நிரூபணம் வர 1668 ஆயிற்று. அந்த வரைபடத்தில் 11 டிகிரியில் இருக்கும் கோவை 11.1-இல் விழும், ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். 51.5 டிகிரியில் இருக்கும் லண்டன் 60.3-க்கு ஏறிவிடும். கைப்பேசி வரைபடத்தில் ஐரோப்பா பெருத்துத் தெரிவதற்குக் காரணம் இந்தத் தொகையீடுதான்.

கல்லூரிக்குப் போனால் நிலைமை தலைகீழ். பி.எஸ்சி. கணிதத்தில் முக்கோணவியல் தாளில் அதிபரவளையச் சார்புகள் வந்துவிடும். நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை எழுதிய முக்கோணவியல் புத்தகம் தலைமுறைகளாக இங்கே புழங்குகிறது. அந்தத் தாளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: யூ ஒரு குறிப்பிட்ட மடக்கை டேன்ஜண்டுக்குச் சமம் என்றால், டான்ஹெச் யூ/2-உம் டேன்ஜண்ட் தீட்டா/2-உம் சமம் என்று நிறுவுக. அச்சு அசலாக மெர்கேட்டர் வரைபடம்தான் அது. ஆனால் வரைபடம், கடல், கப்பல் எதையும் சொல்லாமல் ஐந்து வரியில் நிறுவிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். பள்ளியில் பொருள்களைக் கொடுத்துப் பெயரை மறைக்கிறோம். கல்லூரியில் பெயரைக் கொடுத்துப் பொருளை மறைக்கிறோம்.

பொறியியல் மாணவருக்கு இழப்பு வேறு வகை. கோவையின் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு சேரும்போது பெரும்பாலும் ஒரு கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் வாங்குகிறார்கள். அதில் 'ஹைப்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கலப்பெண் சார்புகளில் சைன் இசட்டை விரிக்கும் நாளில் காஸ்ஹெச்சும் சைன்ஹெச்சும் திடீரென்று பலகையில் வந்து நிற்கின்றன. ஆசிரியர் தெரியும் என்று கொள்கிறார், மாணவர் தெரியாது என்று சொல்லக் கூசுகிறார். மின்னியல் துறையில் நிலைமை இன்னும் கடுமை. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாறுதிசை மின்தடத்தை 'லாங் லைன்' என்பார்கள். அதில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தூரத்தோடு மாறுவதை எழுதும் சமன்பாட்டில் காஸ்ஹெச்சும் சைன்ஹெச்சும் கலப்பெண் மதிப்புகளோடு வருகின்றன. கோவை–சென்னை தூரமே அந்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. இந்தச் சார்புகளை மின்னியலுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று 1912-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் ஆர்தர் கென்னலி. அவர் பிறந்தது பம்பாய் கொலாபாவில், 1861-இல். ஆக, கம்பியின் வடிவத்துக்கும் காஸ்ஹெச், கம்பிக்குள் ஓடும் மின்சாரத்துக்கும் காஸ்ஹெச்.

பள்ளியில் இதை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இன்டர்மீடியட் முதலாண்டுக் கணிதத்தில் இதற்குத் தனி அத்தியாயம் இருந்துவந்தது. இங்கிலாந்தில் 2017 முதல் நடக்கும் ஏ-லெவல் உயர்கணிதத்தில் இது கட்டாயப் பகுதி. நம் சிபிஎஸ்இ பாடத்தில் இல்லை, ஜேஇஇ-யிலும் இல்லை. ஆந்திர முறையை அப்படியே கொண்டுவரலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். அங்கே அது பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிட்டது: காஸ்ஹெச் எக்ஸ் இரண்டரை என்றால் காஸ்ஹெச் 2எக்ஸ் என்ன? சூத்திரத்தில் போட்டால் பதினொன்றரை. விடை வந்துவிடும், சங்கிலியும் வராது, வரைபடமும் வராது. மனப்பாடத்துக்கு இன்னொரு சூத்திரப் பட்டியல் என்றால் அது இல்லாமலிருப்பதே மேல். இங்கிலாந்து முறை நல்லது. ஆனால் அங்கே உயர்கணிதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களே படிக்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு தனிப் பாடம் இல்லை.

எதிர்ப்பாகச் சொல்லப்படுவதில் வலுவானது பாடச்சுமை. பன்னிரண்டு அத்தியாயங்களையே அரையாண்டுக்குள் முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் தேர்வுத்தாள் எழுதவைக்கும் பழக்கம் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் தொடங்கி எங்கும் பரவிவிட்டது. பொறியியல் சேர்க்கையின் 200 கட்ஆஃபில் பாதி கணிதத்துக்கு. ஆகவே ஒரு மதிப்பெண்ணையும் விட முடியாத நெருக்கடி. அரசுப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சார்பா என்று கேட்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் புதிய பொருளைச் சேர்க்கும்போதுதான் சுமை ஏறும். இங்கே தொடர், மடக்கை, அதிபரவளையம், ஆய்லர் வடிவம், சீகண்டின் தொகை ஆகிய ஐந்தையும் ஏற்கெனவே தனித்தனியாகச் சுமக்கவைத்துவிட்டோம். அவற்றைக் கோக்கும் நூல் கிடைத்தால் நினைவில் வைப்பதுதான் எளிதாகும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. தனி அத்தியாயம் வேண்டாம். பாடத்திட்டத்தை அடுத்துத் திருத்தும்போது, பன்னிரண்டாம் வகுப்பு ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசியில், தொங்கு பாலக் கணக்குக்குப் பக்கத்திலேயே நான்கைந்து பீரியடில் முடியும் ஒரு பிரிவு. முதல் பீரியடில் கரும்பலகை மேல் இரண்டு ஆணியில் ஒரு சைக்கிள் செயினைத் தொங்கவிட்டு, அதன் அடியில் சாக்பீஸால் பரவளையம் வரையவேண்டும். இறுக்கி மாட்டினால் இரண்டும் ஒட்டிப்போகும், தளர்த்தினால் பிரியும். அடுத்து வரையறை, தொடர், சமன்பாடு. பிறகு சீகண்ட்–காஸ்ஹெச் பாலம். நேர்மாறு மடக்கையாக வருவது கடைசி. டான்ஹெச்சையும் கூட்டல் சூத்திரங்களையும் கல்லூரிக்கே விட்டுவிடலாம். முதுகலை ஆசிரியர்கள் எல்லோரும் பி.எஸ்சி.யில் இதைப் படித்தவர்கள்தான். புதிதாகப் பயிற்சி தரவேண்டியது அந்தச் சங்கிலிக்கும் வரைபடத்துக்கும் மட்டும்.

தேர்வில் எப்படிக் கேட்பது என்ற கவலையும் வேண்டாம். 'இரண்டு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர். கம்பியின் கிடைமட்ட இழுவிசைக்கும் ஒரு மீட்டர் எடைக்கும் உள்ள விகிதம் 1,600 மீட்டர். அடுக்குக்குறித் தொடரின் தேவையான உறுப்புகளைக் கொண்டு தொய்வைக் காண்க. பரவளையம் எனக் கொண்டால் ஏற்படும் பிழையைச் சென்டிமீட்டரில் தருக.' கணிப்பான் அனுமதிக்காத தேர்வு அறையில், பத்து நிமிடத்தில், ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடலாம்.